காட்டுப் பாதையில முதல் தடவை நடக்கப் போறீங்களா? உங்க கூட்டத்துக்கு ஏத்த ட்ரெயில எப்படித் தேர்ந்தெடுக்கறது

காட்டுல நடக்கணும்னு ஆசை வந்தவங்க முதல்ல பாக்கறது ட்ரெயில் எத்தனை கிலோமீட்டர்னுதான். நாலு கிலோமீட்டர்தானே, தினமும் வாக்கிங் போற தூரம்தானேன்னு கிளம்பிடறாங்க. ஆனா தார் ரோட்டுல நாலு கிலோமீட்டர் வேற, ஈரமான வேர் மேல கால் வச்சு, கல்லப் பாத்துப் பாத்து ஏறி, சேத்துல இறங்கி நடக்கற நாலு கிலோமீட்டர் வேற. நேரம் ரெண்டு மடங்கு ஆகும், முட்டி வலி தனி. அதனால இந்தக் கட்டுரையில நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறது ஒண்ணுதான், வெறும் தூரத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. ஏத்தம் எவ்வளவு, தரை எப்படி, எந்த மாதிரி காடு, கூட வர்றவங்கள்ல ரொம்ப மெதுவா நடக்கறது யாரு, இந்த நாலையும் பாத்துட்டு அப்புறம் தூரத்துக்கு வாங்க.

ஒரே வனப்பகுதிக்குள்ள பைன் மரம், இலையுதிர் காடு, மூங்கில், சதுப்பு நிலம், மேல புல்வெளின்னு பல மாதிரி இருந்தா அது புதுசா நடக்கறவங்களுக்கு ரொம்ப நல்லது, ஏன்னா பெரும்பாலும் அங்க எல்லா விதமான ஆளுக்கும் ஒரு பாதை இருக்கும். வீல்சேர்ல வர்றவருக்கும் இருக்கும், நாள் முழுக்க ஏறணும்னு நினைக்கறவருக்கும் இருக்கும். அத கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் வேலை செய்யணும்.

மேப்ப திறக்கறதுக்கு முன்னாடி ஆளுங்களப் பாருங்க

கூட்டமா போனா அந்தக் கூட்டத்தோட வேகம் அதுல மெதுவா நடக்கறவரோட வேகம்தான். இத ஒத்துக்கிட்டாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துடும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் வெளிப்படையா கேளுங்க: நிக்காம ஒரு மணி நேரம் நடப்பீங்களா, படி இறங்கும்போது முட்டி வலிக்குமா, மூச்சுத் திணறல், சுகர், பிரஷர், பூச்சி கடிச்சா அலர்ஜி, இப்படி ஏதாவது இருக்கா. இன்ஹேலர் வச்சுக்கறவர் அத காருக்குள்ள விட்டுட்டு வரக்கூடாது, அது பாக்கெட்ல இருக்கணும், எந்தப் பாக்கெட்னு இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

நடக்கும்போது நிறைய கூட்டத்துல நடக்கற ஒரு அநியாயம் இருக்கு, அத இங்கயே சொல்லிடறேன். வேகமா போறவங்க முன்னாடி போயி உக்காந்து ரெஸ்ட் எடுப்பாங்க, பின்னாடி மூச்சு வாங்கிட்டு ஒருத்தர் வந்து சேருவாரு, அவர் வந்த உடனே "சரி வாங்க போலாம்"னு எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க. யாருக்கு ரெஸ்ட் வேணுமோ அவருக்குத்தான் ஒரு நிமிஷம்கூட ரெஸ்ட் கிடைக்காது. மெதுவா நடக்கறவர முதல் ஆளாவோ ரெண்டாவது ஆளாவோ விடுங்க, கடைசி ஆளா வழி தெரிஞ்ச ஒருத்தர் வரட்டும், நிக்கும்போது கடைசி ஆள் வந்ததுக்கு அப்புறம்தான் ரெஸ்ட் டைம் ஆரம்பிக்குதுன்னு வச்சுக்கோங்க.

குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா தூரத்த மறந்துடுங்க. அவங்களுக்கு உச்சி, வியூ பாயின்ட் எதுவும் முக்கியமில்ல, வழியில ஒரு ஓடை, விழுந்து கிடக்கற பெரிய மரம், ஏறி இறங்க ஒரு பாறை, இதெல்லாம் இருக்கற சின்ன வட்டப் பாதை போதும். பெரியவங்களுக்கு எடுத்துக்கற நேரத்தப்போல ரெண்டு மடங்கு ஒதுக்குங்க, பாதியில திரும்பறதுக்கும் தயாரா இருங்க. கைக்குழந்தைய முதுகுப் பையில தூக்கிட்டுப் போறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், நீங்க நடக்கறதால உங்களுக்கு உடம்பு சூடா இருக்கும், குழந்தை அசையாம உக்காந்திருக்கு, அதுக்குக் குளிரும். அப்பப்போ குழந்தையோட பிடரியத் தொட்டுப் பாருங்க.

வயசானவங்களுக்கு ஏத்தத்தவிட இறக்கம்தான் கஷ்டம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்னா சரியாயிடும், இறங்கும்போது ஒவ்வொரு அடியிலயும் உடம்பு எடை முழுக்க முட்டியிலயும் தொடையிலயும் இறங்கும். ரெண்டு வாக்கிங் குச்சி இருந்தா அந்தப் பாரத்த கை கொஞ்சம் வாங்கிக்கும். சமதரையில குச்சிய ஊணி நின்னா முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரில மடங்கி இருக்கணும், அதான் சரியான உயரம், இறக்கத்துல குச்சிய கொஞ்சம் நீட்டிக்கோங்க.

வீல்சேர்ல வர்றவங்களுக்கோ, பேபி ஸ்ட்ரோலர் தள்றவங்களுக்கோ பாதை தேடும்போது "ஈஸி"ன்னு போட்டிருக்கறத நம்பவே நம்பாதீங்க, நடக்கறவங்களுக்கு ஈஸியா இருக்கற பாதையில ஒரே ஒரு இடத்துல நாலு படி இருந்தாலும் இவங்களுக்கு ட்ரெயில் அங்கயே முடிஞ்சிடும். கேக்க வேண்டிய கேள்வி வேற. தரை இறுகி இருக்கா, அதாவது இடிச்சு இறுக்கின சரளையோ பலகையோ, இல்ல உதிரி மணலா? பாதையோட அகலம் குறுகலான இடத்துலயும் 90 சென்டிமீட்டருக்கு மேல இருக்கா? சரிவு எவ்வளவு? 100 மீட்டர் போனா 5 மீட்டர் ஏறுற சரிவுன்னா, அதாவது 5 சதவீதம்னா, நிறைய பேருக்கு சமாளிக்க முடியும். 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுற சரிவெல்லாம் கொஞ்ச தூரத்துக்குத்தான் தாங்கும், அது முடிஞ்ச உடனே நிக்கறதுக்கு ஒரு சமதரை வேணும். பலகைப் பாதையா இருந்தா பலகை எந்தப் பக்கமா அடிச்சிருக்காங்கன்னு கேளுங்க. போற திசைக்குக் குறுக்க அடிச்சிருந்தா நல்லது, நீளவாக்குல அடிச்சிருந்தா இடுக்குல சின்ன சக்கரம் மாட்டிக்கும். டாய்லெட், பார்க்கிங்ல இருந்து பாதை ஆரம்பிக்கற இடம் வரைக்கும் எப்படி இருக்கு, இதையும் சேத்துக் கேளுங்க, பாதைய அருமையா போட்டுட்டு கேட்ல மட்டும் படி வச்சிருக்கற இடங்கள் இருக்கு.

கண்பார்வை இல்லாதவங்களும் காட்டுல நல்லா நடக்கலாம். முன்னாடி போறவரோட பையில இருந்து தொங்கற பட்டையப் பிடிச்சுக்கிட்டு வந்தா அவர் உடம்பு ஏறுறது இறங்கறது கையிலயே தெரியும், கூடவே "ஒரு அடி உயரம் வேர், வலது கால்"னு சுருக்கமா சொல்லிட்டே போங்க. சில காடுகள்ல கயிறு கட்டி, பிரெய்ல் போர்டு வச்ச பாதையே தனியா இருக்கு.

இப்ப கணக்குக்கு வாங்க

வில்லியம் நெய்ஸ்மித்னு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒருத்தர் 1892ல சொன்ன ஒரு சுலபமான கணக்கு இன்னைக்கும் எல்லாரும் வச்சிருக்காங்க. சமதரையில 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கோங்க. உதாரணத்துக்கு 8 கிலோமீட்டர் ட்ரெயில், மொத்த ஏத்தம் 450 மீட்டர்னு போட்டிருந்தா, தூரத்துக்கு 1 மணி 36 நிமிஷம், ஏத்தத்துக்கு 45 நிமிஷம், மொத்தம் 2 மணி 21 நிமிஷம். இது நல்லா நடந்து பழகினவர், நிக்காம நடந்தா ஆகற நேரம். போட்டோ எடுக்கறது, சாப்பிடறது, ஷூ லேஸ் கட்டறது எதுவும் இதுல இல்ல. புதுசா நடக்கறவங்க இதுல பாதிய மேல சேத்துக்கோங்க, அப்ப மூணரை மணி நேரம். அத வச்சுத்தான் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு முடிவு பண்ணணும்.

மொத்த ஏத்தம்னா ஆரம்ப இடத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. நடுவுல 50 மீட்டர் இறங்கி திரும்ப 50 மீட்டர் ஏறினா அதுவும் கணக்குல சேரும். மேப்ல வளைவு வளைவா கோடு போட்டிருப்பாங்க, அதுதான் உயரக் கோடு, ஒவ்வொரு கோடும் ஒரே உயரத்துல இருக்கற இடங்கள சேத்து வரைஞ்சது. கோடுங்க நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சாவகாசமான சரிவு. உங்க பாதை கோட்ட வெட்டிட்டே போகுதா, இல்ல கோட்டு கூடவே போகுதான்னு விரல வச்சுப் பாருங்க, வெட்டிட்டே போனா மூச்சு வாங்கும், கூடவே போனா சமமா இருக்கும்.

போட்டிருக்கற கிரேடையும் பாருங்க, ஆனா அந்த கிரேடு எங்க போட்டதுன்னு பாத்துட்டு நம்புங்க. சுவிட்சர்லாந்து ஆல்பைன் கிளப் டி1ல இருந்து டி6 வரைக்கும் ஆறு நிலை வச்சிருக்கு, டி1 சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுட்டுப் போற அகலமான பாதை, டி6னா கையால பாறையப் பிடிச்சு ஏறுற ரொம்பக் கஷ்டமான வழி. இது மாதிரி தெளிவா இருந்தா பிரச்சனையில்ல. நிறைய இடத்துல ஈஸி, மாடரேட், டஃப் மூணே வார்த்தைதான், ஒரு ஊர் மாடரேட் இன்னொரு ஊர்ல டஃப்பா இருக்கும். நான் சொல்றது, ஒரு புது வனப்பகுதிக்குப் போனா முதல் நாள் அங்க இருக்கற ஈஸில ஒண்ணு நடந்து பாருங்க, அவங்க ஈஸின்னா என்னன்னு அப்பத்தான் தெரியும், மிச்சத்த அத வச்சு முடிவு பண்ணலாம்.

அப்புறம் பாதையோட வடிவம். போன வழியிலயே திரும்பி வர்ற பாதைதான் புதுசா வர்றவங்களுக்கு என்னோட சிபாரிசு, எந்த நிமிஷமும் திரும்பிடலாம், திரும்பற வழி ஏற்கனவே பாத்த வழி. வட்டப் பாதை அழகா இருக்கும், ஆனா பாதிய தாண்டிட்டா முன்னாடி போறதும் ஒண்ணுதான் திரும்பறதும் ஒண்ணுதான். ஒரு பக்கம் ஆரம்பிச்சு இன்னொரு பக்கம் முடியற பாதைன்னா அந்தப் பக்கம் வண்டி நிக்கணும், அதுக்கு ஏற்பாடு இல்லாம இறங்காதீங்க.

காடு மாறினா தரையும் மாறும்

ஒரே நாள்ல மூணு விதமான காட்டக் கடக்கற பாதைங்க இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கால் வேற மாதிரி வைக்கணும்.

பைன் காடு பாக்கறதுக்கு சுத்தமா இருக்கும், கீழ செடி கொடி அதிகம் இருக்காது, மெத்து மெத்துன்னு ஊசி இலை. சமதரையில நடக்க அருமையா இருக்கும், ஆனா அந்தக் காஞ்ச ஊசி இலை சரிவுல கிடந்தா வழுக்கித் தள்ளிடும், கூம்புக் காய் மேல கால் வச்சா உருளும். இன்னொண்ணு, தரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால பாதை எது, பாதை இல்லாதது எதுன்னு கண்ணு ஏமாந்துடும், மரத்துல அடிச்சிருக்கற பெயின்ட் குறிய விடாம பாத்துட்டே போங்க.

இலையுதிர் காட்டுல இலை கொட்டற சீசன்ல வெளிச்சம் நல்லா வரும், தூரத்துல மிருகம் நின்னாலும் தெரியும். அதே சீசன்ல தரையில கணுக்கால் வரைக்கும் சருகு. அதுக்கு அடியில கல், குழி, வேர், சில சமயம் பாம்பு. சருகுக்குள்ள காலப் போட்டு இழுத்துட்டு நடக்காதீங்க, குச்சியால முன்னாடி தட்டிட்டு, தூக்கித் தூக்கி வைங்க. விழுந்து கிடக்கற மரத்த தாண்டும்போது ஒரே எட்டுல அந்தப் பக்கம் குதிக்கக் கூடாது, முதல்ல அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எட்டிப் பாத்துட்டு அப்புறம் காலை வைங்க.

மழைக்காடு, பசுமை மாறாக் காடு, இதுதான் எனக்குப் பிடிச்சதும் புதுசா வர்றவங்க அதிகமா விழற இடமும். வெயிலே உள்ள வராது, எல்லாம் ஈரம், பாதைக்குக் குறுக்க வேர் ஓடிட்டே இருக்கும். கூர்ந்து பாத்தா வேர் மேல தோல் உரிஞ்சு வழவழன்னு மின்னும், நிறைய பேர் மிதிச்சு மிதிச்சு அப்படி ஆனது, ஈரமா இருக்கும்போது அதுல பாதத்த வச்சா அவ்வளவுதான். வேர் மேல மிதிக்காதீங்க, ரெண்டு வேருக்கு நடுவுல மண்ணு இருக்கும், அங்க பாதம் முழுசா பதியற மாதிரி வைங்க. வேற வழியே இல்லாம வேர் மேலதான் வைக்கணும்னா அதுக்குக் குறுக்கா, நட்ட நடுப் பாதம் படற மாதிரி வச்சு, அந்தக் கால்ல எகிறித் தள்ளாம மெதுவா எடையை மாத்துங்க. இங்க சாயங்காலம் வெளியில இருக்கறதவிட சீக்கிரம் வந்துடும், வெளிய சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே உள்ள இருட்ட ஆரம்பிச்சிடும். போன்ல ஜிபிஎஸ்ஸும் அடர்த்தியான இலைக்குக் கீழ கொஞ்சம் தள்ளித் தள்ளிக் காட்டும்.

மூங்கில் காட்டுல வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியாது. யானை இருக்கற நாடுகள்ல மூங்கில் அதுக்கு ரொம்பப் பிடிச்ச தீனி. இங்க இயர்போன கழட்டிடுங்க, வளைவுகள்ல கொஞ்சம் பேசிட்டே போங்க, ஆள் வர்றது மிருகத்துக்கு முன்கூட்டியே தெரியறது ரெண்டு பேருக்கும் நல்லது. பச்சைக் கிளை ஒடியற சத்தம், புதுச் சாணி, இதெல்லாம் கண்ணுல பட்டா போட்டோ எடுக்கக் கிட்டப் போகாம அப்படியே வந்த வழியில திரும்புங்க.

சதுப்பு நிலம், அலையாத்திக் காடு இதுலயெல்லாம் பெரும்பாலும் பலகைப் பாதைதான், ஏத்தமே இருக்காது, அதனால எல்லா வயசுக்கும் முதல் ட்ரெயிலா இதப் பரிந்துரை பண்ணுவேன். பலகை ஈரமா இருந்தா வழுக்கும், கொசு இருக்கும், அலையாத்தின்னா கடல் ஏற்ற இறக்க நேரத்த கேட்டுக்கோங்க.

மேல புல்வெளிக்கும் மேகக் காட்டுக்கும் போறவங்க குளிர மறந்துடறாங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும், அதோட காத்து வேற, வேர்வையில நனைஞ்ச சட்டை வேற. பனிமூட்டம் பத்து நிமிஷத்துல வந்து மூடிடும், புல்வெளியில பாதை மங்கலாத்தான் இருக்கும், முன்னாடி இருக்கற குறி கண்ணுக்குத் தெரியலன்னா பின்னாடி இருக்கற குறிகிட்டயே நில்லுங்க.

ஓடை கடக்கற இடத்துல ஒரு விதி: முட்டி உயரத்துக்குத் தண்ணி வேகமா ஓடினாலே அது ஆள சாய்ச்சிடும், அதுல இறங்க வேண்டாம். அதுக்குக் கம்மியா இருந்து கடக்கற மாதிரி இருந்தா முதுகுப் பையோட இடுப்பு பெல்ட்டயும் நெஞ்சு பெல்ட்டயும் கழட்டி விடுங்க, விழுந்தா பைய உதறிட்டு எந்திரிக்கலாம். ஷூவ கழட்டாதீங்க, வெறுங்கால்ல பிடிமானம் கிடைக்காது. மேல எங்கயோ மழை பெஞ்சா இங்க வானம் தெளிவா இருக்கும்போதே தண்ணி ஏறும், காலையில சுலபமா கடந்த ஓடை மத்தியானம் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க.

கால்ல என்ன, பையில என்ன

ஷூ வாங்க சாயங்காலமா போங்க, அப்ப பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும், நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். போடப் போற சாக்ஸோட போட்டுப் பாருங்க, முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், இல்லன்னா இறக்கத்துல நகம் இடிச்சுக் கறுத்துப் போகும். புது ஷூவ நேரா காட்டுக்குப் போட்டுட்டுப் போகாம வீட்டச் சுத்தி சில நாள் நடந்து பழக்குங்க. காட்டன் சாக்ஸ் வேண்டாம், காட்டன் ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், ஈரமான தோல்தான் கொப்புளமாகும். கம்பளி, இல்ல சிந்தெடிக். சட்டைக்கும் இதேதான்.

பையில தண்ணி முதல்ல, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர், வெயில்னா இன்னும் கூட. ஓடைத் தண்ணி எவ்வளவு தெளிவா தெரிஞ்சாலும் அப்படியே குடிக்காதீங்க, தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்கணும், 2000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிஷம். அப்புறம் மழைக்கோட்டு, ஒரு சூடான சட்டை, ஹெட்லைட், அதாவது தலையில மாட்டிக்கற லைட் (போன் டார்ச் போதாது, ஒரு கை போயிடும், பேட்டரியும் போயிடும்), விசில், முதலுதவி, உங்க சொந்த மருந்து, நிறைய சாப்பாடு. பகல் பன்னெண்டு மணிக்கே திரும்பிடுவோம்னு நினைச்சாலும் ஹெட்லைட்ட விட்டுட்டுப் போகாதீங்க.

முந்தின நாள் வேலை

பாதை திறந்திருக்கா, பர்மிட் வேணுமா, கைடு கட்டாயமா, இத வனத்துறைகிட்டயோ கேட்லயோ நேரடியா கேளுங்க, பழைய வீடியோவ நம்பி போகாதீங்க. காட்டுத் தீ சீசன், மழைக்காலம், மிருகங்க குட்டி போடற காலம்னு பாதைய மூடி வைக்கறது சகஜம், மூடின பாதையில பூந்து போறதுல எந்த வீரமும் இல்ல. ஆஃப்லைன் மேப்ப இறக்கி வச்சு ஒரு தடவை நெட்ட ஆஃப் பண்ணித் திறந்து பாருங்க. நடக்கும்போது போன ஏரோப்ளேன் மோடுல போட்டா பேட்டரி நிக்கும், சிக்னல் தேடித் தேடித்தான் காட்டுல பேட்டரி தீரும், ஜிபிஎஸ் அப்பவும் வேலை செய்யும்.

வராத ஒருத்தர்கிட்ட, வீட்டுல இருக்கறவர்கிட்ட, எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளிய வருவோம், எத்தனை மணி வரைக்கும் போன் வரலன்னா யாருக்குக் கூப்பிடணும், இத எழுதியே குடுத்துடுங்க. இதுல கடைசி விஷயத்ததான் எல்லாரும் விட்டுடறாங்க.

இன்னொரு நேரத்தயும் முடிவு பண்ணுங்க, திரும்பற நேரம். ஒரு மணி ஆச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்பறோம்னு காலையிலயே எல்லாரும் ஒத்துக்கிட்டா, மேல போயி "இன்னும் பத்து நிமிஷம்தான் தெரியுது"ங்கற பேச்சுக்கே இடமில்ல.

நடக்க ஆரம்பிச்சதும்

முதல் அரை மணி நேரம் ரொம்ப மெதுவா. ஏத்தத்துல பேசிட்டே நடக்க முடியற வேகம்தான் சரியான வேகம், பேச்சு துண்டு துண்டா வந்தா வேகத்தக் குறைங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை நின்னு லேஸ சரி பண்ணுங்க, கால்ல எங்கயாவது லேசா எரியுதா, உரசுதான்னு எல்லார்கிட்டயும் கேளுங்க. குதிகால்ல லேசா எரிச்சல்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே ஷூவ கழட்டச் சொல்லுங்க. தோல் சிவந்து சூடா இருக்கும், இன்னும் கொப்புளம் ஆகியிருக்காது, அந்த நேரத்துல ஈரத்தத் துடைச்சு, சாக்ஸ்ல மண்ணு இருந்தா உதறி, ஒரு டேப்ப சுருக்கமில்லாம ஒட்டிட்டா அதோட முடிஞ்சது. பரவால்ல அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு மணி நேரம் நடந்தா மிச்ச பாதை முழுக்க நரகம்.

பிரிவு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரும் சேர்ற வரைக்கும் நில்லுங்க. ஆள் தொலையறது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்துலதான். மரத்துல கலர் குறி இருக்கும், ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கலர், பல இடத்துல பெருக்கல் குறி போட்டிருந்தா இது உங்க வழி இல்லன்னு அர்த்தம். பின்னாடியும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கோங்க, ஒரே பாதை வரும்போது வேற மாதிரி தெரியும்.

பாதையில சேறு தேங்கி இருந்தா ஓரமா சுத்திப் போகத் தோணும். போகாதீங்க, நடுவுலயே போங்க, ஒவ்வொருத்தரா ஓரத்துல மிதிச்சு மிதிச்சு ஒரு அடிப் பாதை பத்து அடி அகலமாகி ரெண்டு பக்கச் செடியும் செத்துப் போயிடுது. குறுகலான இடத்துல ஏறி வர்றவங்களுக்கு இறங்கறவங்க வழி விடறது வழக்கம். வீல்சேர் வந்தா எல்லாரும் ஒதுங்கணும். பழத்தோல் மக்கிடும்தானேன்னு வீசாதீங்க, ஆரஞ்சுத் தோலெல்லாம் மாசக்கணக்குல அப்படியே கிடக்கும், மிருகத்துக்கும் மனுஷ சாப்பாட்டு ருசி பழகிடும். காட்டுக்குள்ள அவசரத்துக்கு ஒதுங்கணும்னா தண்ணியில இருந்தும் பாதையில இருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போயி 15-20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்க, டிஷ்யூ பேப்பர ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

ஏதாவது ஆச்சுன்னா

வழி தவறிட்டோம்னு சந்தேகம் வந்த நொடியில நிறுத்துங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க. மனசு படபடன்னு அடிச்சுக்கும்போது எடுக்கற முடிவு ஆளை இன்னும் உள்ளதான் கொண்டு போகும். கடைசியா பாத்த குறி எங்கன்னு யோசிச்சு, அது பக்கத்துல இருக்குன்னு தெளிவா தெரிஞ்சா மட்டும் திரும்புங்க, தெரியலன்னா அதே இடத்துல இருங்க, ஓடைய பிடிச்சு கீழ போனா ஊர் வரும்னு இறங்காதீங்க, ஓடை அருவியிலயும் பள்ளத்துலயும் கொண்டு விடும். ஆல்ப்ஸ் மலையில ஆரம்பிச்ச ஒரு உதவி சிக்னல் இருக்கு, ஒரு நிமிஷத்துல ஆறு தடவை விசில், இல்ல லைட், அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா, திரும்ப ஆறு. பதிலுக்கு நிமிஷத்துக்கு மூணு வரும். கத்தறதவிட விசில் ரொம்ப தூரம் கேக்கும், தொண்டையும் போகாது.

மின்னல் பாத்து முப்பது செகண்டுக்குள்ள இடி கேட்டா அது உங்க மேலயே விழற தூரத்துல இருக்கு. புல்வெளி, முகடு, தனி மரம் இதையெல்லாம் விட்டு இறங்கி ஒரே உயரத்துல அடர்த்தியா இருக்கற மரங்களுக்கு நடுவுல, ஒருத்தருக்கொருத்தர் இடைவெளி விட்டு இருங்க. கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆனதுக்கு அப்புறம்தான் மேல போறதப் பத்தி யோசிக்கணும்.

அட்டை கடிச்சா பயந்து பிச்சு எடுக்காதீங்க, உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம், அப்படிப் பண்ணா அது வயித்துல இருக்கறத காயத்துக்குள்ள கக்கலாம். ஒல்லியா இருக்கற முனைதான் வாய்ப் பக்கம், அது தோல்ல ஒட்டியிருக்கற இடத்துக்குக் கீழ நகத்த வச்சு பக்கவாட்டுல தள்ளுங்க, விட்டுடும், அப்புறம் பின்பக்கத்தயும் அதே மாதிரி. ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காம வரும், ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருள விட்டிருக்கும், அழுத்திப் பிடிச்சா போதும். உண்ணி அப்படி இல்ல, அது சில இடங்கள்ல நோய் பரப்பும், லைம் நோய் அதுல ஒண்ணு. நுனி மெலிசான இடுக்கியால தோலுக்கு ஒட்டி அதோட தலைகிட்டப் பிடிச்சு, திருகாம, நேரா மேல ஒரே சீரா இழுங்க. எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் பண்ணாதீங்க. அடுத்த சில வாரத்துல காய்ச்சலோ, கடிச்ச இடத்தச் சுத்தி சிவப்பா பரவறதோ தெரிஞ்சா டாக்டர்கிட்ட போயி உண்ணி கடிச்சத சொல்லுங்க.

வெளிய வந்ததுக்கு அப்புறம்

முதல்ல, எழுதிக் குடுத்துட்டு வந்தவருக்குப் போன் பண்ணி வந்துட்டோம்னு சொல்லுங்க. குளிக்கும்போது அக்குள், முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி, குழந்தைங்களுக்குத் தலைமுடிக்குள்ள உண்ணி இருக்கான்னு பாருங்க. ஷூ அடியில இருக்கற மண்ண அடுத்த காட்டுக்குக் கொண்டு போகாதீங்க, அங்கயே பிரஷ் போட்டுத் தேச்சிடுங்க. நியூசிலாந்துல கௌரிங்கற பிரமாண்ட மரங்கள வேர்லயே அழுக வைக்கற ஒரு நோய் இந்த மண்ணு மூலமாவும் பரவுதுன்னுதான் அங்க பாதை ஆரம்பத்துலயே ஷூ கழுவற இடம் கட்டி வச்சிருக்காங்க, சில பாதைய மூடியே வச்சாங்க. நனைஞ்ச ஷூவுக்குள்ள பேப்பரத் திணிச்சு காத்தோட்டமா நிழல்ல வைங்க, நெருப்பு, ஹீட்டர் பக்கம் வச்சா அடியில ஒட்டியிருக்கற பசை விட்டுடும்.

ரெண்டு நாள் கழிச்சு தொடை வலிக்கும், அது இறக்கத்தோட வேலை, பயப்பட வேண்டாம், லேசா நடந்தா குறையும். அந்த ரெண்டு நாளுக்குள்ளயே உங்க கூட்டத்துக்கு நிஜமா ஆன நேரத்த நெய்ஸ்மித் கணக்கு பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க. நான் சொன்ன மூணரை மணி நேரத்துக்கு நாலரை ஆகியிருந்தா உங்க கூட்டத்தோட கணக்கு அதுதான், அடுத்த ட்ரெயிலுக்கு அந்த நம்பர வச்சே கிளம்பற நேரத்தப் போடுங்க.